ஜோடி நடைக்கு ஓர் ஆள் குறைகிறது

சிவநாதனோடு நடக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு முழங்கால் என்று இரண்டு இருப்பதே தெரிந்தது. முப்பது வருஷம் ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து நாற்காலி தேய்த்தவர்கள் நாங்கள். அவருக்கு ஒரு வருஷம் முன்னால் நான் ஓய்வு பெற்றேன். இனி காலை ஏழரை வரை தூங்குவது என்று ஒரு சின்ன ஆசை வைத்திருந்தேன். அதிலும் மண் விழுந்தது. ஒருநாள் ஐந்தேகால் மணிக்குத் தருமபுரத்தில் என் வீட்டு கேட்டைத் தட்டினார்.

"தலையாலே நடந்த அம்மையாரு பொறந்த ஊருய்யா இது. காலால நடக்க உனக்கு என்ன கேடு?" என்றார்.

காரைக்கால்காரனிடம் இப்படிக் கேட்டுவிட்டால் அவன் செருப்பை மாட்டிக்கொண்டுதான் ஆகவேண்டும். மாட்டிக்கொண்டேன்.

அவர் நடக்க ஆரம்பித்ததற்குக் காரணம் சர்க்கரை. சர்க்கரைக்குக் காரணம் ஓட்டல் சாப்பாடு. ஓட்டல் சாப்பாட்டுக்குக் காரணம் அவர் மனைவி உமாமகேஸ்வரி பெங்களூர் போனது. மகள் சுகிர்தாவுக்குப் பிரசவம் இங்கே தாய்வீட்டில்தான் ஆயிற்று. ஐந்தாம் மாதம் பிள்ளையையும் தாயையும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்று உமா கிளம்பினார். பதினைந்து நாளில் திரும்புவதாகப் பேச்சு. சுகிர்தாவும் வேலைக்குப் போகிறாள், மாப்பிள்ளை ரஞ்சித்குமாரும் போகிறார். குழந்தை ஓவியா பாட்டியின் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். பதினைந்து நாள் பதினைந்து மாதம் ஆகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு முறை, ஒரு கல்யாணத்துக்காக, இரண்டு நாள் வந்து போனார்.

நீ அங்கே போய் இருக்கக் கூடாதா என்று நான் கேட்டிருக்கிறேன். ஒருமுறை போனார். பத்து நாள் பால்கனியில் உட்கார்ந்து எதிர் அடுக்குமாடியின் துணிக்கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பெண் கொடுத்த வீட்டில் அப்பன்காரன் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவது அழகில்லை என்பது அவர் கொள்கை. அம்மா போனால் ஒத்தாசை, அப்பா போனால் பாரம். அவர் வாயிலிருந்து வந்த சொல் இது, நான் சேர்த்ததில்லை.

ஆக, நடந்தார். கலங்கரை விளக்கத்திலிருந்து அரசலாறு கடலில் கலக்கும் இடம் வரைக்கும் போவது, வருவது, மறுபடி போவது. நான் இரண்டாம் சுற்றிலேயே பெஞ்சியைப் பிடித்துவிடுவேன். அவர் நிற்க மாட்டார். ஒரு விஷயம் ஆரம்பத்திலேயே கவனித்தேன். நான் அவருக்கு இடப்பக்கம் வந்தால் தோளைப் பிடித்து வலப்பக்கம் தள்ளிவிடுவார். ஏன்யா இந்தச் சாஸ்திரம் என்று எரிச்சலாகக் கேட்டேன். "அந்தப் பக்கம் அவ நடப்பா" என்றார். பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கைபேசியில் காலடி எண்ணும் வசதியைச் சுகிர்தா ஏற்றிக்கொடுத்திருந்தாள். தினமும் காலை அந்த எண்ணைப் படம் பிடித்து உமாவுக்கு அனுப்புவார். எட்டாயிரம், பத்தாயிரம், ஒருநாள் பதினாலாயிரம். அங்கிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வரும். அதை என்னிடம் காட்டுவார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் மாதிரி. சர்க்கரை இறங்கியது, தொப்பை கரைந்தது, ஐம்பது வயதுக்காரர் மாதிரி ஆனார். கடற்கரையில் அவருக்குப் பெயர் கிடைத்தது. துபாயில் இருபது வருஷம் கடை பார்த்துவிட்டுத் திரும்பிய நெய்னா முகம்மது தன் மனைவி சஃபியாவோடு நடக்க வருவார். அண்ணனைப் பாரு, அண்ணனைப் பாரு என்று சஃபியா அவரைக் குத்திக்கொண்டே இருப்பார்.

எனக்கு மட்டும் அதில் ஒரு சந்தேகம். திரும்பிப் போக வீட்டில் ஆள் இல்லாதவனுக்குப் பதினாலாயிரம் அடி நடப்பது பெரிய சாதனையா? வீட்டைத் திறக்க மனமில்லாமல்தான் அவர் நான்காம் சுற்று போகிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பெங்களூரில் அந்த எண்ணைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள்? அப்பா பிரமாதமாக இருக்கிறார் என்று நினைத்தார்கள். எண்ணில் வேறென்ன தெரியும்.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள், பெஞ்சியில் என் பக்கத்தில் இருக்கும்போதுதான் சுகிர்தாவின் அழைப்பு வந்தது. தை மாதம் அவருக்கு அறுபது முடிகிறது. அதே மாதக் கடைசியில் ஓய்வு. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்யட்டுமா என்று அவள் கேட்டாள். திருக்கடையூர் எங்களுக்கு அரைமணிப் பயணம். அறுபது முடிந்தவன் பெண்டாட்டியோடு அங்கே போய் உட்கார்ந்து, கலச நீரைத் தலையில் வாங்கிக்கொண்டு, மறுபடியும் ஒரு தாலி கட்டிவிட்டு வருவது இந்தப் பக்கத்து வழக்கம். சிவநாதன் இரண்டு வருஷமாக அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர். உமாவுக்கு என்ன நிறத்தில் புடவை என்பது வரைக்கும் முடிவு செய்து வைத்திருந்தார், அரக்கு.

அவர் மகளிடம் என்ன சொன்னார் தெரியுமா? "அதெல்லாம் எதுக்கும்மா? குழந்தையத் தூக்கிக்கிட்டு அலையணும். ஒங்க ரெண்டு பேருக்கும் லீவு கெடைக்காது. எழுபதுல பாத்துக்கலாம்."

நான் அவர் தொடையில் கிள்ளினேன். கையைத் தட்டிவிட்டார்.

எங்கள் ஊர்ப் பந்தியில் ஒரு பழக்கம் உண்டு. பாயசம் வரும்போது இலைக்கு மேல் கையை விரித்து, போதும் போதும் என்போம். பரிமாறுகிறவன் அதைக் காதில் வாங்க மாட்டான். விரலிடுக்கு வழியாகவாவது ஒரு கரண்டி விடுவான். போதும் என்றவனை அப்படியே விட்டுவிட்டுப் போனால் அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பத்து வருஷம் பேசுவோம். சிவநாதன் கையை விரித்தார். சுகிர்தா எட்டு வருஷமாகப் பெங்களூரில், அவரவர் தட்டில் அவரவரே போட்டுக்கொள்ளும் ஊரில் இருப்பவள். "சரிப்பா, நீங்க சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டாள். அவள் மேல் என்ன தப்பு.

அன்று அவர் ஐந்தாம் சுற்று நடந்தார்.

இரண்டு வாரம் கழித்து மகளுக்கு ஒரு யோசனை வந்தது. அப்பாதான் இப்போது நடைவீரர் ஆயிற்றே, அறுபதாவது பிறந்தநாளை ஃபிட்னஸ் பார்ட்டியாகக் கடற்கரையில் நடத்தினால் என்ன? அவள் அலுவலகத்தில் இப்போது அப்படித்தான் செய்கிறார்களாம். கேக் கிடையாது, தர்ப்பூசணி வெட்டவேண்டும். சாக்கு ஓட்டம், ஸ்கிப்பிங், எலுமிச்சை ஸ்பூன், கயிறு இழுத்தல். எல்லோருக்கும் ஒரே மாதிரி பனியன். தாங்கள் வீடியோவில் கலந்துகொள்வோம் என்றாள். நட்சத்திரம் வெள்ளிக்கிழமை விழுந்தது. எல்லோருக்கும் தோதாக ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி என்று முடிவாயிற்று.

சிவநாதன் சரி என்று சொன்னதோடு நிற்கவில்லை, முழுமூச்சாக இறங்கிவிட்டார். அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியபோதுகூட இவ்வளவு சுறுசுறுப்பை நான் அவரிடம் பார்த்ததில்லை. கோட்டுச்சேரிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவரிடம் கயிறு இழுக்க வடம் கேட்டு வந்தார். அரிசி மண்டியில் சாக்கு சொன்னார். முளைப்பயறுச் சுண்டலும் கேழ்வரகுக் கூழும் நீர்மோரும் என் மனைவி கமலாம்பாள் பொறுப்பு. சமோசா மட்டும் நான் கொண்டுவருவேன், யாரும் கேட்கக் கூடாது என்று நெய்னா முன்கூட்டியே அறிவித்துவிட்டார். விசிலும் அவரிடம்.

சிவநாதன் ஒரு காகிதத்தில் போட்டிகளை வரிசையாக எழுதிக் கொண்டுவந்து காட்டினார். கடைசியில் ஒன்று இருந்தது. சுகிர்தா சொன்னதில் அது இல்லை. ஜோடி நடை. கணவனும் மனைவியும் ஒரு கைக்குட்டையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு, விடாமல், கலங்கரை விளக்கத்திலிருந்து முகத்துவாரம் வரை நடக்கவேண்டும். முதலில் போய்ச் சேருகிறவர்களுக்குப் பரிசு. கீழே ஜோடிகளின் பெயர்கள். நெய்னா முகம்மது, சஃபியா. நான், கமலாம்பாள். இன்னும் நான்கு ஜோடிகள். கடைசி வரியில் சிவநாதன் என்று எழுதி, பக்கத்தில் வெறுமனே ஒரு கோடு இழுத்திருந்தார்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்காகய்யா இந்த நாடகம் என்றேன். இதை மகளுக்குப் படம் பிடித்து அனுப்பியிருப்பதாகச் சொன்னார். உமா பார்ப்பாள், கோட்டைப் பார்த்தால் புரிந்துகொள்வாள் என்று நினைத்திருக்கிறார். முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்தவர், பெண்டாட்டியை வா என்று கூப்பிடக் கோடு போடுகிறார். பெங்களூரிலிருந்து மறுநாள் பதில் வந்தது: பிரமாதம், அப்பா. கூடவே ஒரு கட்டைவிரல்.

கமலாம்பாளிடம் புலம்பினேன். அவள் சுண்டலுக்குப் பயறு பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஜோடி நடைய எடுத்துடச் சொல்லுங்க. பாக்கறவங்களுக்குக் கஷ்டம்." மற்றவர்களுக்கும் அதே எண்ணம்தான். நெய்னா தன் பாணியில் நயமாக, நேரம் பற்றாது அண்ணே, கடைசிப் போட்டியை விட்டுடுவோமா என்று கேட்டுப் பார்த்தார். சிவநாதன் ஒத்துக்கொள்ளவில்லை. மற்ற எதை வேண்டுமானாலும் எடுங்கள், அது இருக்கட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. பெங்களூரிலிருந்து ஒரு ராத்திரிப் பேருந்து ஏறினால் விடிந்ததும் காரைக்கால் பேருந்து நிலையத்தில் இறங்கலாம். அவர் அந்தக் கணக்கில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை, அவர் நட்சத்திரத்தன்று, காலை நடக்க வரவில்லை. அவர் வராமல் நான் மட்டும் நடந்த முதல் நாள் அது. நடந்தேன் என்றால் பெஞ்சி வரை. மாலையில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நெற்றியில் விபூதி, பட்டுக்கரை வேட்டி, எதிரே ஆறிப்போன காபி.

திருக்கடையூர் போயிருக்கிறார். தனியாக, அரசுப் பேருந்தில். பிரகாரம் முழுக்க வரிசையாக அறுபதாம் கல்யாணங்கள், புகையும் மேளமுமாக. ஒரு தூணோரம் நின்று பார்த்திருக்கிறார். சந்தனக் கிண்ணத்தோடு போன ஒரு பெண் இவரிடம், நீங்க எந்தக் கல்யாணத்துக்கு வந்திருக்கீங்க என்று கேட்டிருக்கிறாள். பாவம், தங்கள் விருந்தாளியைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்று கேட்டிருப்பாள்.

"சும்மா பாக்க வந்தேன்னு சொன்னேன்யா" என்றார்.

இதைக் கேட்டால் என்னைப் போன்ற ஆளுக்குக் கோபம்தான் வரும். இப்போதே உமாவைக் கூப்பிட்டு நான் சொல்கிறேன் என்று கைபேசியை எடுத்தேன். பிடுங்கி மேசை டிராயரில் போட்டு மூடிவிட்டார். நீ சொன்னால் நம் முப்பது வருஷப் பழக்கம் இன்றோடு முடிந்தது என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னதால் அது உண்மை என்று தெரிந்தது. அவளாக வரவேண்டும். கூப்பிட்டு வந்தால் அது வந்த கணக்கில்லை. இப்படி ஒரு நியாயம். சரி, எனக்கென்ன போயிற்று, எப்படியோ போ என்று கைபேசியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கடற்கரைக்கு ஆறு மணிக்கே போனேன். அவர் அதற்கும் முன்னால் வந்திருந்தார். பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டுத்தான் வந்தாராம். பால் பாக்கெட் வாங்கப் போனேன் என்றார். கடற்கரைக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடுவில் பால் பாக்கெட் விற்கும் கடை ஏழு இருக்கிறது.

பனியன்கள் கூரியரில் வந்திருந்தன. மஞ்சள் நிறம், மார்பில் 'அறுபதிலும் ஓட்டம்'. சுகிர்தா எல்லோரையும் தன் வயசுக்காரர்கள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. எனக்கு வந்தது தொப்புளுக்கு மேலேயே நின்றுவிட்டது. பெண்கள் புடவைக்கு மேலும் அபாயாவுக்கு மேலும் அதைச் சால்வையாகப் போட்டுக்கொண்டார்கள். சிவநாதனுக்கு மட்டும் கச்சிதமாக இருந்தது.

விழா நன்றாகத்தான் நடந்தது, அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். சாக்கு ஓட்டத்தில் நெய்னா இரண்டு முறை விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே எழுந்து ஜெயித்தார். கமலாம்பாள் ஐம்பத்தேழு வயதில் முப்பத்தொரு தடவை கயிறு தாண்டினாள். எங்கள் கல்யாணத்துக்கு முன் அவள் பள்ளிக்கூடத்தில் ஸ்கிப்பிங்கில் முதல் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். படகு வடத்தை ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் இழுத்ததில் நாங்கள் மொத்தமாக மணலில் விழுந்தோம். கரையேறிய மீனவர்கள் வலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். சிவநாதன் எல்லாப் போட்டியிலும் கலந்துகொண்டார், சிரித்தார், விழுந்தவர்களைத் தூக்கிவிட்டார். நடுநடுவே சாலைப்பக்கம் ஆட்டோ ஏதாவது நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

தர்ப்பூசணி வெட்டும்போது பெங்களூரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. சிவநாதன் கையில் கத்தி இருந்ததால் கைபேசியைக் கமலாம்பாள் வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தாள். சின்னத் திரையில் சுகிர்தா, மாப்பிள்ளை, நடுவில் உமா, உமாவின் இடுப்பில் ஓவியா. கைதட்டினார்கள். அப்பாவைப் பாருங்கள், அம்மா இல்லாமலேயே எப்படி ஜம்மென்று இருக்கிறார் என்று சுகிர்தா பெருமையாகச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினோம். வேறென்ன செய்வது.

அடுத்தது ஜோடி நடை. நெய்னா விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஜோடிகளைக் கூப்பிட்டார். கைக்குட்டைகளை ஆளுக்கொரு முனை பிடித்து வரிசையில் நின்றோம். சிவநாதன் வரிசையின் கடைசியில் வந்து நின்றார், கைக்குட்டையின் ஒரு முனையைப் பிடித்தபடி. மறுமுனை கீழே தொங்கியது. அதைப் பார்த்ததும் கமலாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த கைபேசியைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

"உமா, நீ எப்பம்மா வர்றே?" என்று கேட்டாள்.

இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை யாருமே நேராகக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உமா சிரித்தார். ஓவியாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்: "நான் கெளம்புனா இவ அழுவாக்கா. கெளம்பலேன்னா அவரு அழமாட்டாரு. அதான் இங்கயே இருக்கேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். இரண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள். சிவநாதன் வரிசையை விட்டு வந்தார். கமலாம்பாள் கையிலிருந்து கைபேசியை வாங்கினார்.

"யாரு சொன்னா?" என்றார். "நான் அழமாட்டேன்னு ஒனக்கு யாரு சொன்னா? தெனம் அழுவுறேன்."

முப்பது பேர் நின்றிருந்தோம். நெய்னாவின் வாயிலிருந்து விசில் விழுந்து கழுத்துக் கயிற்றில் ஆடியது. நான் அவரை முப்பது வருஷமாகப் பார்க்கிறேன்; தன் அம்மா செத்தபோது அவர் அலுவலகத்துக்கு விடுப்புக் கடிதம் எழுதி அனுப்பியவர், எழுத்துப்பிழை இல்லாமல். அந்த ஆள் 'அறுபதிலும் ஓட்டம்' என்று போட்ட மஞ்சள் பனியனில் நின்று இதைச் சொன்னார்.

திரையில் உமாவின் முகம் அப்படியே நின்றது. இணைப்புதான் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை.

"பதினஞ்சு மாசம்" என்றார் உமா. "ஒருநாள், ஒரே ஒருநாள், வந்துடுன்னு சொன்னீங்களா? தெனம் காலையில எந்திரிச்சி போனத்தான் பாக்கறேன். நீங்க நடந்த கணக்குதான் வருது. எட்டாயிரம், பத்தாயிரம்... நான் இல்லாம இவ்வளவு நல்லா இருக்காரேன்னு..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"வந்துடு" என்றார் சிவநாதன்.

உமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாட்டி அழுவதை அதுவரை மிரண்டு பார்த்துக்கொண்டிருந்த ஓவியா வீறிட்டு அழுது, இரண்டு கையாலும் பாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த இழுப்பில் கைபேசி அங்கே தரையில் விழுந்தது. சுகிர்தா அம்மா அம்மா என்பது கேட்டது. குழந்தையின் அழுகையும், அதைத் தட்டித் தட்டி எங்கேயும் போகலடி, எங்கேயும் போகலடி என்று சமாதானம் செய்யும் உமாவின் குரலும் கேட்டன. எடுக்க யாரும் வரவில்லை. திரையில் தெரிந்ததெல்லாம் அந்த வீட்டு மேல்கூரையும் மெதுவாகச் சுற்றும் ஒரு மின்விசிறியும்தான். சிவநாதன் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்து, அந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றார்.